கருங்கடற்கரையில் ஓவிட்

உரோம் நகருக்குக் கிழக்கே, மலைகள் சூழ்ந்த சுல்மோ என்னும் சிற்றூரில், கி.மு. 43ஆம் ஆண்டு வளமான குடியில் ஓவிட் பிறந்தார். மகனை வழக்கறிஞராக்க விரும்பிய தந்தையார், அவரை உரோமுக்கு அனுப்பி நாவன்மைக் கலை பயில்வித்தார். சிறிய நீதிப் பதவிகள் சிலவற்றை வகித்த ஓவிட், விரைவிலேயே அவற்றைத் துறந்து கவிதையை நாடினார். உரைநடை எழுத முயன்றாலும் அது செய்யுளாகவே வந்து அமைந்ததாம்.

இலத்தீன் காதற்கவிதைகள் அறுசீரடியும் ஐஞ்சீரடியும் இணைந்த ஈரடிச் செய்யுளால் ஆனவை. திபுல்லஸ், புரொபெர்ஷியஸ் முதலியோர் அதில் காதலின் துயரைப் பாடினர். அவர்கள் வழிவந்த ஓவிட், காதலின் விளையாட்டையும் பாடினார். காதலைப் பாடம் நடத்துவதுபோலக் கற்பிக்கும் நூலொன்றையும் இயற்றினார். ஆட்சியில் இருந்தவரோ பேரரசர் அகஸ்டஸ். பிறன்மனை விழைதலைச் சட்டத்தால் தண்டித்தவர். தம் ஒரே மகளையே ஒழுக்கக் குற்றத்திற்காகத் தீவுக்கு அனுப்பியவர்.

கி.பி. 8ஆம் ஆண்டு, விசாரணை ஏதுமின்றி, அரசாணை ஒன்றினால் ஓவிட் கருங்கடற்கரையிலுள்ள தோமிஸுக்கு அனுப்பப்பட்டார். ஒரு கவிதையும் ஒரு பிழையுமே காரணம் என்றார் அவர். அப்பிழை யாதென இறுதிவரை உரைக்கவில்லை. நூல் வெளிவந்து பல்லாண்டுகள் கழித்தே தண்டனை வந்ததை நோக்க, அவ்விரண்டனுள் பிழையே பெரிதாயிருத்தல் வேண்டும். புறப்படும்முன், தம் பெருங்காவியமாகிய ‘உருமாற்றங்கள்’ ஏட்டைத் தீயிலிட்டதாக அவரே குறிப்பிடுகிறார். நண்பர்களிடம் படிகள் இருந்தமையால் அக்காவியம் பிழைத்தது.

தோமிஸில் இலத்தீன் பேசுவார் அரியர். குளிர்காலத்தில் தன்யூபு ஆறு உறையும். அப்பனிப்பரப்பின் மீது பகைவர் குதிரையேறி வருவர். ஐம்பது வயதைக் கடந்த கவிஞர் தலைக்கவசம் அணிய நேர்ந்தது. கெத்தியர் மொழியைக் கற்று அதிலும் கவிதை செய்தார். தமக்காகப் பரிந்துபேச உரோமிலேயே தங்கிவிட்ட மனைவிக்குக் கவிதைகளாலேயே மடல் வரைந்தார். காதலை எள்ளி விளையாடிய அதே ஈரடிச் செய்யுள், இப்போது பிரிவின் புலம்பலைச் சுமந்தது.

அகஸ்டஸ் மறைந்தார், அடுத்து வந்த திபேரியஸும் மனமிரங்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 17இல் ஓவிட் அந்நெய்தல் நிலத்திலேயே உயிர்நீத்தார்.

அவர் சொன்ன பிரமஸ், திஸ்பி காதற்கதையைச் ஷேக்ஸ்பியர் நாடகத்தினுள் நாடகமாக்கினார். தாமும் தென்திசைக்கு அனுப்பப்பட்ட உருசியக் கவிஞர் புஷ்கின், 1821இல் ஓவிட்டை விளித்துக் கவிதை எழுதினார். தோமிஸ் இன்று உருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா துறைமுகம்; அங்கே 1887 முதல் அவர் சிலை நிற்கிறது. உரோம் மாநகர மன்றம் 2017இல் அத்தண்டனையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது.