மயக்க மருந்தின் தாய்

சென்ற ஆண்டு என் தம்பிக்குத் தொண்டையில் சிறு அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டில் எல்லாரும் கத்தி பிடித்த டாக்டரைப் பற்றியே பேசினார்கள். தம்பி மட்டும், தன் தலைமாட்டில் நின்று கதை கேட்டபடியே தூங்க வைத்தவரைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தத் தலைமாட்டுப் பணியையே தம் வாழ்வாக்கிக் கொண்ட ஆலிஸ் மகாவ் என்ற அமெரிக்கச் செவிலியரைப் பற்றி எழுத எனக்கு ஆசை பிறந்தது அதனால்தான்.

ஆலிஸ் 1860ஆம் ஆண்டு பிறந்தார். ஈதர் என்னும் மருந்தால் நோயாளியை மயக்கி, வலியின்றி அறுவை செய்ய முடியும் என்று பாஸ்டன் நகரில் பலர் முன்னிலையில் மெய்ப்பிக்கப்பட்டு அப்போது 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. சிகாகோவில் செவிலியர் பயிற்சி பெற்ற ஆலிஸ், பின்னர் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் என்ற சிற்றூரில் பணிக்குச் சேர்ந்தார்.

அவ்வூரின் மருத்துவமனைக்கும் ஒரு கதை உண்டு. 1883ஆம் ஆண்டு கடும் சூறாவளி ஒன்று ஊரையே சிதைத்தது. அடிபட்டவர்களைப் பேணிய பிரான்சிஸ்கன் சபைக் கன்னியரின் தலைவி அன்னை ஆல்ஃபிரட் மோஸ், இங்கே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று உறுதி கொண்டார். சிற்றூரில் அது நடவாது என்று தயங்கிய முதிய டாக்டர் மேயோவையும் இணங்க வைத்தார். 1889இல் 27 படுக்கைகளுடன் புனித மரியன்னை மருத்துவமனை திறக்கப்பட்டது. டாக்டரின் மக்கள் வில்லியம், சார்லஸ் இருவரும் அங்கே அறுவை செய்தார்கள்.

அக்காலத்தில் மயக்கம் கொடுப்பது பெரும்பாலும் பயிற்சி டாக்டர்களின் வேலை. அவர்களுக்கோ அறுவையைக் கற்பதிலேதான் ஆவல். கண் நோயாளியின் முகத்தில் இராமல் டாக்டரின் கையிலேயே இருக்கும்! ராச்செஸ்டரில் அத்தகைய பயிற்சி டாக்டர்களும் இல்லை. ஆகவே மேயோ சகோதரர்கள் செவிலியரை நம்பினார்கள். முதலில் அப்பணியைச் செய்த ஈடித் கிரகாம் 1893இல் டாக்டர் சார்லஸை மணந்து கொண்டார். அவருக்குப் பின் பொறுப்பு ஆலிஸிடம் வந்தது.

முன்பெல்லாம் ஈதரைத் துணியில் நிறைய ஊற்றி மூக்கையும் வாயையும் மூடிவிடுவார்கள். நோயாளி மூச்சுத் திணறித் துடிப்பார். பிடித்துக் கொள்ள நாலு பேர் வேண்டும். ஆலிஸ் அப்படிச் செய்யவில்லை. மெல்லிய துணி போர்த்திய கம்பி முகமூடியை முகத்தில் வைத்து, சொட்டுச் சொட்டாக ஈதரை விட்டார். விடும்போதே தாழ்ந்த குரலில் பேசிக் கொண்டிருப்பார். அஞ்சி நடுங்குகிறவருக்கு மருந்தில் பாதி நம்பிக்கையான பேச்சுதான் என்பது அவர் கண்ட உண்மை. அதனால் குறைந்த மருந்தே போதுமானது. நோயாளி விரைவிலே கண் விழித்தார். இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் கருவிகள் அன்று ஏது? மூச்சின் ஓசை, முகத்தின் நிறம், நாடி, கண்ணின் பாவை, இவையே அவருடைய கருவிகள். ஒரு சொட்டு கூடினால் ஓர் உயிர் போகலாம் என்று தெரிந்தே அவர் நாள்தோறும் அங்கே அமர்ந்தார்.

ஆலிஸ் தாம் கண்டதைக் குறித்தும் வைத்தார். 1899இல் 3,000க்கும் மேற்பட்ட மயக்கங்களைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். 1906இல் வெளியான கட்டுரை 14,000க்கும் மேற்பட்டவற்றைப் பற்றியது. அத்தனை பேரில் மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட இல்லை! டாக்டர்களே எழுதிய இதழ்களில் ஒரு செவிலியர் தம் பெயரில் எழுதினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அந்த எண்ணிக்கையைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

செய்தி பரவியது. அமெரிக்காவின் பல ஊர்களிலிருந்தும் கடல் கடந்தும் டாக்டர்களும் செவிலியர்களும் ராச்செஸ்டருக்கு வந்தார்கள். வகுப்பறையும் கரும்பலகையும் இல்லை. ஆலிஸின் அருகே நின்று, சொட்டு விழும் வேகத்தையும் அவர் விரல்கள் முகவாயைத் தாங்கும் விதத்தையும் பார்த்துக் கற்றார்கள். டாக்டர் சார்லஸ் மேயோ அவருக்கு மயக்க மருந்தின் தாய் என்று பெயர் சூட்டினார்.

1908இல் ஆலிஸ் ஒரு டாக்டரை மணந்து மேயோ சகோதரர்களிடமிருந்து விடைபெற்றார். அவருடைய முறை நின்று போகவில்லை. 1915இல் கிளீவ்லாந்து நகரில் அகதா ஹாட்ஜின்ஸ் என்ற செவிலியர் இக்கலைக்கென்றே பள்ளி தொடங்கினார். ஆலிஸ் 1928இல் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1931இல், மயக்கம் கொடுக்கும் செவிலியர் அதே கிளீவ்லாந்தில் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள்.