இரு ஊர்கள், ஒரே சிறுவன்

எச்.ஐ.வி தொற்றுக்கு உள்ளானோரை நோய் வருத்துவதைக் காட்டிலும் சுற்றத்தாரின் புறக்கணிப்பே அதிகம் வருத்துகின்றது. இந்த உண்மையை உலகறியச் செய்தவர்களுள் அமெரிக்கச் சிறுவன் ரயன் வைட் முக்கியமானவன்.

1971 டிசம்பர் 6 ஆம் திகதி இந்தியானா மாநிலத்தின் கொகோமோ நகரில் பிறந்த ரயனுக்குப் பிறவியிலேயே குருதி உறையாமை நோய் இருந்தது. பிறருடைய குருதியிலிருந்து தயாரிக்கப்பட்ட மருந்தே அவனது உயிரைக் காத்தது. அந்த மருந்தின் வழியாகவே எச்.ஐ.வியும் அவனது உடலிற் புகுந்தது. 1984 டிசம்பரில் எயிட்ஸ் நோய் உறுதிசெய்யப்பட்டபோது அவனுக்கு வயது 13. இன்னும் ஆறு மாதங்களே உயிர்வாழ்வான் என வைத்தியர்கள் கணித்தனர்.

ஆயினும் ரயன் வேண்டியது பாடசாலைக்குச் செல்ல அனுமதி ஒன்றையே. சாதாரணப் பழக்கத்தால் இந்நோய் தொற்றாது என்று சுகாதார அதிகாரிகள் எடுத்துக்கூறியும், 1985 இல் பாடசாலைக் கதவு அடைக்கப்பட்டது. வீட்டிலிருந்தவாறே தொலைபேசி மூலம் பாடம் கேட்டான். நீண்ட சட்டப் போராட்டத்தின் பின்னர் 1986 ஏப்ரலில் வகுப்புக்குத் திரும்பியபோதும், அவனுக்கெனத் தனிக் கழிப்பறையும் பாவித்தபின் வீசிவிடும் உணவுப் பாத்திரங்களும் ஒதுக்கப்பட்டன. அவன் விநியோகித்த பத்திரிகையை வாங்கவும் சிலர் மறுத்தனர். தேவாலயத்திற்கூட அவனது கையைப் பற்றத் தயங்கினர். ஒருநாள் அவனது வீட்டு ஜன்னலைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தது.

1987 இல் அக்குடும்பம் அதே மாநிலத்தின் சிசெரோ என்ற ஊரிற் குடியேறியது. அங்குள்ள உயர்தரப் பாடசாலையில், ரயன் வருவதற்கு முன்னரே மாணவர்களுக்கு இந்நோய் பற்றிய விளக்கம் அளிக்கப்பட்டிருந்தது. அவர்கள் கைகுலுக்கி அவனை வரவேற்றனர். அவனது நோய் மாறவில்லை. மனிதர்களின் அறிவே மாறியிருந்தது. 1988 இல் ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் தோன்றிய ரயன், இவ்விரு அனுபவங்களையும் எடுத்துரைத்தான். ஆறு மாதங்கள் எனக் கணிக்கப்பட்ட ஆயுள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 1990 ஏப்ரல் 8 ஆம் திகதி முடிவுற்றது. அதே ஆண்டு ஓகஸ்டில், எயிட்ஸ் நோயாளர்களின் சிகிச்சைக்கான சட்டமொன்றை அமெரிக்கா அவனது பெயரால் நிறைவேற்றியது.

இது அந்நியர் கதையென நாம் ஒதுக்கிவிட இயலாது. எச்.ஐ.வி பற்றிய வெறும் வதந்தியால் பாடசாலை அனுமதி மறுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் தொடர்பில், எமது உயர் நீதிமன்றமும் 2016 இல் கல்வி உரிமையை உறுதிப்படுத்த நேர்ந்தது. இன்று முறையான சிகிச்சை பெறுவோர் நீண்டகாலம் நலமாக வாழ்கின்றனர். எனினும் பழிச்சொல்லுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்ப்போரையும், உண்மையை உள்ளத்திற் புதைத்து மனச்சோர்வில் உழல்வோரையும் மருந்து மட்டும் மீட்டுவிடாது. கொகோமோவாக இருப்பதா, சிசெரோவாக இருப்பதா என்பதை ஒவ்வோர் ஊரும், ஒவ்வொரு பாடசாலையுமே தீர்மானிக்க வேண்டும்.