பிரித்துப் பார்த்த நாயுடு

கோவை அருகே கலங்கலில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவே இல்லை (ஆசிரியர்கள் மன்னிக்கவும்!). ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஆசை பிடிச்சுக்கிச்சு. ரட்ஜ், சைக்கிளும் செய்த இங்கிலாந்து கம்பெனி. ஓட்டலில் சர்வராக உழைத்து, பணம் சேர்த்து வாங்கினார். வாங்கியவர் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, திரும்பவும் பூட்டினார்! ஸ்ரீரங்கத்துல எங்க தாத்தாவோட பழைய இரும்பு சைக்கிளில், துருப்பிடிச்ச காட்டர் பின்னைத் தட்டிக் கழற்றவே எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போச்சு. அவருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்?

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1974-ல் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கு. அரையாண்டு லீவுக்குக் காத்திருக்கேன்.