அஷ்ரபும் அச்சுறுத்தலும்

ஒலுவில் துறைமுகத்தைக் காண்போர் நெஞ்சில் முதற்கண் எழும் பெயர் மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் என்பதாகும். 1994இல் துறைமுக அமைச்சரான அவர், இக்கரைக்கு ஒரு துறைமுகம் வேண்டுமெனப் பெரிதும் முயன்றார். 2013இல் அது திறக்கப்பட்டபோது அவர் இவ்வுலகில் இலர். அவர்தம் அரசியற் பணியைப் பலர் எழுதியுள்ளனர். கொலைமிரட்டலின் நடுவே அவர் வாழ்ந்த வாழ்வையே இங்கு எழுதப் புகுந்தோம்.

1948இல் சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையில் வளர்ந்து சட்டத்தரணியானவர் அவர். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடைகளில் அவர் குரல் ஒலித்தது. 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸைத் தோற்றுவித்தார். 1985இல் கிழக்கில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலவரம் மூண்டது. அக்காலத்தே ஆயுதந் தாங்கியோரின் அச்சுறுத்தலால் கல்முனையை நீங்கிக் கொழும்பிற் குடியேறினார். ஒரு காலத்தில் தம் சொல்லைக் கேட்டு ஆரவாரித்த இனத்தின் இளைஞரிடமிருந்தே அது வந்தமை கொடிது.

அவர் நீங்கியதை அச்சமென்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதோம். வள்ளுவர் வலியறிதலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தது வீணன்று. மிரட்டலை எடைபோடுங்கால் சொல்லின் கடுமையை மட்டும் நோக்குதல் போதாது. சொல்வோன் கையில் படைக்கலம் உண்டா, முன்பு சொன்னதைச் செய்து காட்டியுள்ளானா, நாம் செல்லும் வழியை அறிவானா என்பனவே நோக்கற்பாலன. வாய்வீரன் நாள்தோறும் கொல்வேன் என்பான். கொல்பவனோ சிலவேளை ஒன்றுஞ் சொல்லான்.

பின் நடந்தவை அவர் கணிப்பு மிகையன்று என்பதைக் காட்டின. 1987இல் மூதூரின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஏ. எல். அப்துல் மஜீத் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கொடுத்த தவணை சில மணிநேரமே. அதனை வெற்றுச் சொல்லென எண்ண இடமில்லை. மக்கள் உடுத்த உடையோடு புறப்பட்டனர்.

ஊரை நீங்கியவர் பணியை நீங்கினாரல்லர். 1989இல் அம்பாறை மாவட்டத்து மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1995இல் தோன்றிப் பின்னர் ஒலுவிலில் நிலைபெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவர் முயற்சியின் பயன். இத்தனைக்கிடையே கவிதையும் எழுதினார்.

2000ஆம் ஆண்டுத் தேர்தற் காலம். செப்டம்பர் 16ஆம் நாள் விமானப்படை ஹெலிகொப்டரில் கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்டார். மிரட்டுவோன் இன்னான் என்று தெரிந்தால் வழியை மாற்றலாம், ஊரையும் மாற்றலாம். முன்னறிவிப்பின்றி வருவதை எந்தத் தராசில் இடுவது? அரநாயக்க மலைப்பகுதியில் ஹெலிகொப்டர் வீழ்ந்து, அவரும் உடன்சென்றோரும் மாண்டனர். விபத்தோ சதியோ என ஆராய ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மக்களின் ஐயம் முற்றும் அகலவில்லை. அன்று அவர்க்கு வயது 51. ஒலுவிலில் துறைமுக வேலை தொடங்க இன்னும் எட்டாண்டுகள் இருந்தன.