பாட்டாளியின் பாட்டில் வாழும் பட்டுக்கோட்டையார்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஆயுத பூசை நாளன்று காலை முதலே ஒலிபெருக்கிகள் பாடத் தொடங்கிவிடும். பட்டறை வாயில்களில் கட்டப்பட்ட வாழை வாடுமுன்னர் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பாடல்கள் சில அவ்வழியே செல்வோர் காதில் விழுந்தே தீரும். நம் மாணவர்களுள் பலர் அப்பட்டறைகளில் பணிபுரிவோரின் பிள்ளைகள். ஒருமுறை அப்பாடல்களுள் நான்கைக் குறிப்பிட்டு, இவை யார் பாட்டு என்று வகுப்பில் வினவினோம். எம்.ஜி.ஆர். பாட்டு என்றனர் பெரும்பாலோர். டி.எம். சௌந்தரராசன் பாட்டு என்றார் ஒருவர். எழுதியவர் பெயரைச் சொன்னவர் எவருமிலர். நான்கையும் எழுதியவர் ஒருவரே. இருபத்தொன்பது வயதில் மறைந்த அம்மனிதரின் வாழ்வை இம்மலரில் எழுத நேர்ந்ததற்கு அந்த வகுப்பே காரணம்.

மக்கள் கவிஞர் என்று போற்றப்படும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 13-4-1930 அன்று, பழைய தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அருணாசலனார், தாயார் விசாலாட்சி. எளிய வேளாண் குடும்பம். திண்ணைப் பள்ளிப் படிப்பு இரண்டு ஆண்டுகளைத் தாண்டவில்லை. ஆயினும் வீட்டில் தமிழ் இருந்தது. தந்தையாரே பாட்டுக் கட்டுபவர். முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி என்னும் நூலை இயற்றியவர். தமையனார் கணபதிசுந்தரமும் பாடல் புனைபவர். ஏட்டுக்கு முன்னரே கும்மியின் தாளம் அச்சிறுவனின் காலில் ஏறிவிட்டது எனலாம். பதினைந்து வயதளவில் ஊர்க் குளக்கரையில் அமர்ந்து, துள்ளும் மீனைக் கண்டு முதற்பாட்டைப் பாடினார் என்பர்.

கும்மி, சிந்து, தாலாட்டு, நொண்டி ஆகிய இவ்வடிவங்கள் நமக்குப் புதியன அல்ல. நம் இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் காப்பியத்தோடு நில்லாது இவற்றைக் கையாண்டுள்ளனர். சீதக்காதி நொண்டி நாடகம் இங்குப் பாடமாகப் படித்ததே. எழுத்தறியாதாரிடம் செய்தி சொல்ல விழைந்த எவரும் தமிழில் இவ்வழியேதான் வந்துள்ளனர்.

கல்யாணசுந்தரம் செய்த தொழில்கள் பதினேழு என்று கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். உழுதார், மாடு மேய்த்தார், மாட்டு வணிகமும் செய்தார். மாம்பழம் விற்றார் (கிருட்டிணகிரிக்காரர்கள் இதனைக் கேட்டு மகிழ்வர்). இட்டலி, முறுக்கு, தேங்காய், கீற்று விற்றார். மீனும் நண்டும் பிடித்தார். உப்பளத்தில் கூலிவேலை செய்தார், தண்ணீர் வண்டி ஓட்டினார், எந்திரம் இயக்கினார். நாடகத்தில் நடித்தார், ஆடினார், பாடினார். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே நம் சமுதாயத்தார் நிறைந்து வாழும் அதிராம்பட்டினம் உள்ளது. அக்கரையோர உப்பளங்களைக் கண்ட பெரியோர்க்கு அந்த வெயிலும் காலில் ஏறும் எரிச்சலும் இன்னவை என்று விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் உழைப்பாளியைப் பற்றி அவர் எழுதியபோது வெளியே நின்று இரங்கும் குரல் கேட்கவில்லை. கூலி கைக்கு வந்த நாளில் எவ்வளவு மிஞ்சும் என்பதை அறிந்தவரின் குரல் அது.

அவர் வளர்ந்த காலத்துத் தஞ்சையை அறியாமல் அப்பாடல்களின் சூடு விளங்காது. பண்ணையாள் முறை நிலவிய காலம் அது. பிழை செய்ததாகக் கருதப்பட்ட கூலியாளைச் சாட்டையால் அடிப்பதும், மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்வதும் தண்டனைகளாக இருந்தன. இவற்றை எதிர்த்து 1940களில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியவர்களுள் முதன்மையானவர் பி. சீனிவாசராவ். கன்னட நாட்டில் பிறந்து, தமிழ் பழகி, தஞ்சைச் சேரிகளிலேயே தங்கி வாழ்ந்து, 1961இல் மறைந்தவர். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு அவ்விரு தண்டனைகளுக்கும் முடிவு கட்டியது. நிலப்போராட்டம் தொடர்ந்தது. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் வாட்டாக்குடி இரணியன், சாம்பவானோடை சிவராமன் ஆகியோர் 1950இல் காவல்துறையினரின் துப்பாக்கிக்கு இரையாயினர். அப்போது கல்யாணசுந்தரத்துக்கு இருபது வயது. பொதுவுடைமை இயக்கமும் விவசாயிகள் சங்கமும் அவருக்கு வாழ்க்கையாகவே அமைந்தன.

நம் ஊருக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராசாசி 1952இல் சென்னை மாநில முதலமைச்சரானார். பொதுவுடைமையரைத் தம் முதற்பகைவராகக் கருதிய அவரே, அதே ஆண்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்றுவதை அச்சட்டம் தடுத்தது. வயலில் எழுந்த குரல் கோட்டை வரை எட்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

அக்குரலில் பாட்டும் ஒரு பகுதி. மாநாட்டு மேடைகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் கல்யாணசுந்தரம் பாடினார். சனசக்தி இதழில் அவர் பாடல்கள் வெளிவந்தன. பின்னர்ப் புதுவை சென்று பாவேந்தர் பாரதிதாசனிடம் சில காலம் மாணவராக இருந்தார். கிராமத்துக் காதுக்கு யாப்பின் கட்டுப்பாடு அங்கே சேர்ந்தது.

1950களின் நடுவில் திரையுலகம் அவரை ஏற்றுக்கொண்டது. மாடர்ன் தியேட்டர்சின் பாசவலை (1956) அவர் பெயரைப் பரப்பிற்று. அதன்பின் மூன்றாண்டுகள் ஓய்வில்லை. 1958இல் வெளிவந்த நாடோடி மன்னனில் வயலில் உழைக்கும் ஆணும் பெண்ணும் வினாவும் விடையுமாகப் பாடும் ஒரு பாடல் உண்டு. தரிசைத் திருத்தி விளைவித்தவர் கையில் ஏன் ஒன்றும் எஞ்சவில்லை என்பதே அதன் வினா. பெண் கேட்கிறாள், ஆண் விடை சொல்கிறான், பெண் மீண்டும் கேட்கிறாள். நடவு வயலில் எதிரெதிர் வரிசைகள் பாடிக்கொள்ளும் அதே அமைப்பு. தத்துவ நூல் பல பக்கங்களில் விரிக்கும் செய்தியை ஏற்றம் இறைப்பவனும் புரிந்துகொள்ளும் சொற்களில் அடக்கியிருக்கிறார். நம் கணிப்பில் அவர் எழுதியவற்றுள் இதுவே தலையாயது. திருடாதே (1961), அரசிளங்குமரி (1961) படங்களில் சிறுவர்களை நோக்கிப் பாடப்படும் அறிவுரைப் பாடல்கள் இதனினும் புகழ் பெற்றவை; பள்ளி விழாக்களில் ஒலிப்பவை. அவற்றின் நயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அறிவுரை கேட்பவனைக் கீழே அமர்த்துகிறது. வினா கேட்பவனை அருகில் அமர்த்துகிறது. இவ்வேறுபாட்டை மாணவர்கள் தாமே கேட்டுத் தெளிதல் நன்று. கல்யாணப் பரிசு (1959) முதலிய படங்களில் அவர் எழுதிய காதற்பாடல்களைப் பற்றித் தனியே ஒருவர் எழுதலாம்.

ஓசூருக்கு மிக அணுக்கமான பாடல் வேறொன்று. செமினி நிறுவனத்தார் ஆலைத் தொழிலாளர் வாழ்வை வைத்து எடுத்த இரும்புத்திரை 1960இல் வெளிவந்தது. அதில் மாதச் சம்பளம் பெற்ற ஒருவன், அது எங்கே போயிற்று என்று தெரியாமல் திகைத்துப் பாடுகிறான். திருச்சி லோகநாதன் குரலில் அது நகைச்சுவையாகவே ஒலிக்கும், கேட்போர் சிரிப்பர். சிரித்து முடித்தபின் மளிகைக் கடைக் கணக்கு நினைவுக்கு வரும். 1970களில் இங்குச் சிப்காட் அமைந்தது முதல் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் இவ்வூர் வந்து சேர்ந்தனர். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகின்றனர். நிரந்தரப் பணியாளர் குறைந்து ஒப்பந்தப் பணியாளர் பெருகியுள்ளனர். எந்திரம் மாறியது, சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறது. மூன்றாம் தேதியன்று அந்தத் திகைப்பு மட்டும் மாறவில்லை.

இத்தகைய பாடல்கள் தம் காலத்தைக் கடந்து நிற்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சார்ல்சுடன் நகரில் 1945இல் வேலைநிறுத்தம் செய்த புகையிலை ஆலைப் பெண்கள், தேவாலயப் பாடலொன்றைத் தம் மறியலுக்கு ஏற்றவாறு பாடினர். 1960களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு அதுவே உயிர்க்குரலாயிற்று. இன்று இந்தி வடிவில் நம் நாட்டுப் பள்ளிகளிலும் அது பாடப்படுகிறது. இதனை இயற்றியவர் இவர் என ஒருவரைச் சுட்டல் அரிது; பலர் கைபட்டுத் திரண்டது அது. பட்டுக்கோட்டையாரின் நிலையோ வேறு. எழுதியவர் யார் என்பது ஐயமின்றித் தெரியும். எனினும் பெயர் நழுவிக்கொண்டிருக்கிறது. பாடல் மக்களுடையதாகிவிட்டதற்கு இதுவும் ஓர் அடையாளம் என்று சிலர் ஆறுதல் சொல்வர். நடிகர் பெயர் நழுவவில்லையே!

1957இல் கௌரவம்மாளை மணந்த கவிஞருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. குழந்தை தவழும் பருவத்திலேயே, 8-10-1959 அன்று சென்னையில் கவிஞர் காலமானார். இரும்புத்திரை, திருடாதே, அரசிளங்குமரி ஆகிய மூன்று படங்களும் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன. அவற்றின் புகழை அவர் காணவில்லை. திரையில் அவர் எழுதியது ஐந்தாண்டு அளவே. பாடல்கள் இருநூறுக்குள் அடங்கும். பிற்காலத்தில் தமிழக அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியது. பட்டுக்கோட்டையில் மணிமண்டபமும் எழுந்தது.

நாட்டுடைமையான பாடலை எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம். இவ்வாண்டு முத்தமிழ் விழாவில் மாணவர்கள் பாடவிருக்கும் ஆறு பாடல்களுள் மூன்று அன்னாருடையவை. பாடத் தொடங்குமுன் எழுதியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மேடையில் சொல்லவேண்டும் எனத் துறையில் முடிவு செய்துள்ளோம். செங்கப்படுத்தான்காடு என்பதை ஒரே மூச்சில் பிழையின்றிச் சொல்ல முதலாண்டு மாணவர்கள் இப்போது பழகிவருகின்றனர்.