ஓவியரும் பணியாளரும்

கால்வாய்க் கரையில் வரிசையாக எழுந்த மாளிகைகளும், நீரில் மிதக்கும் படகுகளும், பாய்மரக் கப்பல்களும் வெனிஸ் நகரின் அழகு. 1865ஆம் ஆண்டு நவம்பரில் அங்கு சென்ற ஆங்கில ஓவியர் எட்வேட் லியர் அக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். அச்சித்திரங்களின் அச்சுப்படிகளைக் காணுந்தோறும் என் மனம் வெனிஸ் நகரில் தங்குவதில்லை. நமது கண்டிக்கே வந்து சேர்கின்றது. காரணம் கூறுகிறேன்.

லியர் 1812இல் இலண்டனை அடுத்த ஹொலோவேயில் பிறந்தவர். இருபத்தொரு பிள்ளைகளுள் இருபதாமவர் என்பர். தந்தையார் பொருளிழந்து நொடிந்தமையால் மூத்த தமக்கையார் ஆன் அவரை வளர்த்தார். இளமையிலேயே பற்றிய காக்கைவலிப்பு நோயை நண்பர்க்கும் தெரியாமல் மறைத்தே வாழ்ந்தார். கிளிகளை வரைந்து பெயர் பெற்றார். 1846இல் விக்டோரியா மகாராணிக்கே சித்திரம் பயிற்றினார். அவ்வாண்டில் வேடிக்கைப் பாடல் நூலொன்றும் வெளியிட்டார். ஓவியத்தால் வாழ முயன்றவரை உலகம் இப்பாட்டுக்காகவே நினைவு வைத்திருப்பது விந்தைதான்.

அவர் வேலை செய்த முறை மாணவர் அறியத்தக்கது. காட்சியின் எதிரே அமர்ந்து பென்சிலால் விரைந்து வரைவார். நாளும் நேரமும் குறிப்பார். இன்ன இடத்தில் இன்ன நிறம் என்பதைச் சொல்லாகவே படத்தின்மேல் எழுதிவைப்பார். மையிடுவதும் வண்ணம் பூசுவதும் பின்னர் ஓய்வு கிடைத்தபோதுதான்.

1856இல் கோர்பு தீவில் அவரிடம் பணிக்கமர்ந்தவர் ஜோர்ஜியோ கொக்காலி. எழுத்தறியாத அவருக்கு எழுத்தறிவித்தவர் லியரே. இராசப்பிரதிநிதி நோர்த்புரூக் பிரபுவின் அழைப்பின்பேரில் 1873இல் இருவரும் இந்தியா வந்தனர். மாமல்லபுரம், காஞ்சி, தஞ்சை முதலியன கண்டு, 1874 நவம்பரில் இலங்கை சேர்ந்தனர்.

கண்டிக்குப் புகையிரதம் 1867இலேயே வந்துவிட்டது. அட்டனுக்கு வந்தது 1884இல். இன்று தேயிலை போர்த்த நம் மலைகள் அன்று கோப்பித் தோட்டங்கள். லியர் எமது பக்கம் ஏறவில்லை. கண்டியில் ஜோர்ஜியோவை வயிற்றுளைவு கடுமையாகப் பற்றிக்கொண்டது. அறுபத்திரண்டு வயது ஓவியரின் கவலை முழுவதும் பணியாளரின் உயிர்மேலாயிற்று. இலங்கைப் பயணமும் சுருங்கிற்று.

அக்காலத்தில் மன்னார்க் கரையிலிறங்கி, வடபாதை வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த நம் முன்னோர் பலர் இதே நோய்க்கும் வாந்திபேதிக்கும் வழியோரத்தில் பலியாயினர். அவர்களுக்காக எந்தத் துரை பயணத்தை நிறுத்தினார்? இக்கேள்வியே லியரை எனக்கு நெருக்கமாக்குகின்றது.

ஜோர்ஜியோ பிழைத்தெழுந்தார். மேலும் எட்டாண்டுகளுக்குமேல் உடனிருந்து 1883இல் மறைந்தார். லியர் 1888 சனவரி 29ஆம் நாள் இத்தாலியிலுள்ள சன் ரெமோவில் உயிர்நீத்தார். அங்கே அவர் கல்லறைக்கு அருகில் ஜோர்ஜியோவுக்கும் ஒரு நினைவுக்கல் நிற்கின்றது.