கோப்பையில் அடங்காத வெற்றி

பள்ளிக்கு ஒரு கோப்பை வந்தால் ஊரே அறிகிறது. கண்ணாடி அலமாரியில் அது ஏறி அமர்கிறது. அணியைப் பயிற்றுவித்த ஆசிரியையின் பெயரும் விழா மேடையில் ஒலிக்கிறது. கோப்பை வராத ஆண்டிலோ, அதே ஆசிரியை அதே வெயிலில் நின்று உழைத்திருந்தாலும் அவரை நினைப்பார் இல்லை. இது முறைதானா? ஒரு பயிற்சியாளரின் வெற்றியை எந்த அளவுகோலால் அளப்பது? இவ்வினாவுக்கு விடை தேடுங்கால் நம் நினைவுக்கு வருபவர், மகளிர் கூடைப்பந்தின் தாய் என்று விளையாட்டுலகம் போற்றும் செண்டா பெரன்சன் அம்மையார்.

நலிந்த உடல், உறுதியான உள்ளம்

அம்மையார் 1868ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் லித்துவேனியாவில் ஒரு சிற்றூரில், எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அந்நாடு ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பிழைப்பை நாடி அக்குடும்பம் 1875இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குடியேறியது. கலை விமர்சகராக உலகப் புகழ் பெற்ற பெர்னார்டு பெரன்சன் இவருடைய தமையனார்.

சிறுவயதில் அம்மையாரின் உடல் மிகவும் நலிந்திருந்தது. பியானோ கற்பதில் பேரார்வம் கொண்டு இசைப்பள்ளியில் சேர்ந்தார். ஆனால் முதுகு வலி அவரை நெடுநேரம் அமர்ந்து பயில விடவில்லை. உடலைத் தேற்றிக்கொள்ளும் பொருட்டு 1890இல் பாஸ்டனில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியப் பள்ளியில் சேர்ந்தார். தொடக்கத்தில் அப்பயிற்சிகளை அவர் வெறுத்தார். சிறிது நேரம் நேராக நிற்பதே பெரும்பாடாயிருந்தது. நாளடைவில் வலி குறைந்தது, தெம்பு வந்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பதைத் தம் உடலைக் கொண்டே கற்றுக்கொண்டார். இதைப் பிற பெண்களுக்கும் கற்பிப்பதே தம் வாழ்வின் பணி என்று தெளிந்தார்.

கூடையும் பந்தும்

1892 ஜனவரியில் நார்த்தாம்டன் நகரிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் அவர் உடற்பயிற்சி ஆசிரியையாகப் பொறுப்பேற்றார். பெண்கள் உயர்கல்வி கற்றால் அவர்தம் உடல்நலம் கெடும் என்று படித்தவர்களே பேசிய காலம் அது. மாணவியரோ வரிசையில் நின்று கைகால் அசைக்கும் பயிற்சிகளில் சலிப்புற்றிருந்தனர்.

அக்கல்லூரிக்கு அருகிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் 1891 டிசம்பரில் ஒரு புதிய விளையாட்டை உருவாக்கியிருந்தார். பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டிப் பந்தை அவற்றுள் இடும் ஆட்டம் அது. ஆண்களுக்கென எழுந்த அந்த ஆட்டத்தைப் பற்றிப் படித்தறிந்த அம்மையார், தம் மாணவியருக்கு அதைக் கற்பிக்கத் துணிந்தார்.

1893 மார்ச் 22ஆம் நாள் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதினர். ஆடவர் எவருக்கும் அனுமதியில்லை, கதவுகள் தாழிடப்பட்டன. வகுப்புகளின் வண்ணங்களை ஏந்திய தோழியரின் ஆரவாரம் கூடத்தை நிறைத்தது. ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை மேலே எறிந்தபோதே முதலாண்டு அணித் தலைவியின் தோள்மூட்டு நழுவியது. அதைச் சரிசெய்து, வேறொருத்தியைக் களமிறக்கி ஆட்டத்தைத் தொடர்ந்தனர். 5க்கு 4 என்ற கணக்கில் இரண்டாமாண்டு அணி வென்றது. கல்லூரிப் பெண்கள் ஆடிய முதல் கூடைப்பந்துப் போட்டியாக வரலாறு இதைப் பதிவு செய்துள்ளது.

எல்லோருக்கும் ஆட்டம்

அம்மையார் பெண்களின் ஆட்டத்துக்கெனத் தனி விதிகள் வகுத்தார். ஆடுகளத்தைக் கோடிட்டு மூன்று பகுதிகளாகப் பிரித்தார். அவரவர் தம் பகுதிக்குள் நின்றே ஆடவேண்டும். பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது. மூன்று விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கலாகாது. மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டலாகாது. ஓட்டத்தில் வல்ல ஒருத்தியே களம் முழுவதும் ஆடி, மற்றவர்கள் நின்று பார்க்கும் நிலை இதனால் ஒழிந்தது. பந்து எல்லோர் கையிலும் வந்தாக வேண்டும் என்றாயிற்று. 1901இல் இவ்விதிகள் நூலாக வெளிவந்து பல கல்லூரிகளிலும் பரவின.

இன்னொன்றும் செய்தார். பிற கல்லூரிகளோடு மோதி வெற்றி தேடும் போட்டிகளை அவர் விரும்பவில்லை. வெற்றி வெறி மிகுந்தால் முரட்டுத்தனம் புகும், தேர்ந்தெடுத்த சிலர் மட்டுமே ஆடுவர், மற்றவர் வெறும் பார்வையாளராகிவிடுவர் என்பது அவர் கருத்து. வகுப்புக்கு வகுப்பு நடக்கும் ஆட்டங்களையே வளர்த்தார். 1897இல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகருக்குச் சென்று அங்கும் உடற்கல்வி பயின்றார். தம்மைப் போல் உடல் நலிந்த மாணவியருக்கென அவர் நடத்திய பயிற்சிகளும் குறிப்பிடத்தக்கவை.

1911இல் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரை மணந்து கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் 1921 வரை ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்விப் பணியாற்றினார். 1954 பிப்ரவரி 16ஆம் நாள், தம் 85ஆம் வயதில், கலிபோர்னியாவில் மறைந்தார். 1985இல் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் இடம் பெற்றது. அம்மன்றத்தில் முதன்முதலாக ஏற்கப்பட்ட மூன்று பெண்மணிகளுள் அவரும் ஒருவர்.

அளவுகோல் எது?

அம்மையாரின் விதிகள் நிலைத்து நின்றனவா? இல்லை. பெண்கள் மென்மையானவர்கள் என்ற அக்கால எண்ணம் அவரையும் முற்றிலும் விட்டிருக்கவில்லை. அவர் இட்ட கோடுகளைப் பிற்காலப் பெண்கள் ஒவ்வொன்றாக அழித்தனர். 1971இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர், ஆண்களைப் போலவே அணிக்கு ஐவராக முழுக்களத்திலும் ஓடியாடத் தொடங்கினர். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்து முதன்முறையாக இடம் பெற்றது. வெளிக் கல்லூரிகளோடு ஆட வேண்டாம் என்றதால், ஆற்றல் மிக்க மாணவியர் சிலர் தம் திறமையை வெளிக்களத்தில் உரைத்துப் பார்க்கும் வாய்ப்பை இழந்ததும் உண்மையே.

அவ்வாறாயின் அவர் பெற்ற வெற்றி யாது? 19 ஆண்டுகள் ஸ்மித் கல்லூரியில் அவரிடம் பயின்றவர்களுள், திறமையுள்ளவள் மட்டுமன்றி, கூச்சமுள்ளவளும் மெலிந்தவளும் பந்தைத் தொட்டாள். ஓடினால் மயங்கி விழுவோம் என்று அஞ்சியவர்கள் ஓடினர், விழுந்தனர், எழுந்து சிரித்தனர். கோடுகளை அழித்து முழுக்களமும் ஓடத் துணிந்த பெண்களும் அவர் திறந்த வாசல் வழியே களத்துக்குள் வந்தவர்களே. மாணவியர் தம்மையும் விஞ்சிச் செல்லுமாறு வழிவகுப்பவரே வெற்றி பெற்ற பயிற்சியாளர் என்போம்.

இவ்விளையாட்டுக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய உறவுண்டு. கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் அது கல்லூரியாக வளர்ந்து, தமிழகப் பள்ளிகளுக்கு எண்ணற்ற உடற்கல்வி ஆசிரியர்களை அளித்துள்ளது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமையேற்று ஆடி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அன்பார்ந்த பெற்றோரே! வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஆட்டம் எதற்கு என்று கிளியனூர் வட்டாரத்தில் இன்றும் சில வீடுகளில் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை துள்ளி ஓடியவள் ஒன்பதாம் வகுப்பில் மர நிழலில் ஒதுங்கி நிற்கிறாள். அவளை மீண்டும் களத்துக்கு அழைத்து வரும் ஆசிரியைக்கு எவரும் கோப்பை தருவதில்லை. மரக்காணத்து உப்பளத்தில் பாத்திக்கு நீர் பாய்ச்சிய அன்றே உப்பு விளைவதில்லை என்பதை நாம் அறிவோம். வெயிலும் பொறுமையும் சேர்ந்தே வெண்மணியாகின்றன. பெண்பிள்ளையின் தன்னம்பிக்கையும் அவ்வாறு விளைவதே. மகள் ஆடிவிட்டு வீடு திரும்பும்போது, வென்றாயா என்று கேட்குமுன், உனக்குப் பந்து கிடைத்ததா என்று கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே! இறைவன் தந்த உடல் பேணப்பட வேண்டிய கொடை. அணியில் இடம் கிடைத்தவள், இடம் கிடைக்காத தோழியின் கைக்கு ஒருமுறையேனும் பந்தை எறியட்டும். அலமாரியில் இன்னும் பல கோப்பைகள் வந்து சேர வாழ்த்துகிறோம். அதனினும் மேலாக, ஒருத்தியும் மர நிழலில் ஒதுங்கி நில்லாத ஒரு விளையாட்டு வேளை நம் பள்ளியில் மலர வேண்டும் என்று வேண்டுகிறோம்.